ஈரத்தில் ஒரு ஸ்பீக்கர்

குளியலறையில் பாடும் புளூடூத் ஸ்பீக்கருக்கு மின்சாரம் மூன்று வழிகளில் வரும். ஒன்று, அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கும் பேட்டரி. இரண்டு, பக்கத்தில் துணைக்கு உட்காரும் பவர் பேங்க். மூன்று, சுவரில் உள்ள பிளக் பாயின்ட். நான்காவதாக ஒரு வழியும் உண்டு: ஹாலில் டிவிக்குப் பின்னால் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து வந்து, குளியலறைக் கதவின் அடியில் நுழைத்து, கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார வைப்பது. எந்த மின் நூலிலும் இந்த முறைக்குப் பெயர் இல்லை. புழக்கத்தில் மட்டும் மற்ற மூன்றுக்கும் இது சளைத்ததல்ல.

இந்த விஷயத்தை ஆராயத் திருத்தணி பொருத்தமான ஊர். பாட்டுக்கு இங்கே பஞ்சமே இருந்ததில்லை. அறுபடை வீடுகளில் ஐந்தாவதான மலைக் கோயிலுக்கு 365 படிகள்; டிசம்பர் 31 அன்று நடக்கும் படித் திருவிழாவில் பஜனைக் குழுக்கள் படிக்கொரு திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறுவார்கள். முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கிருதியான ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’வை இந்த மலையில்தான் பாடினார் என்பது சங்கீத மரபு. ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் ஊரில் யாருக்கும் சொந்த ஸ்பீக்கர் தேவைப்படாது. காவடிப் பாட்டு வென்டிலேட்டர் வழியாகத் தானே உள்ளே வரும். அதற்கு சார்ஜும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். சிக்கல் எல்லாம் மற்ற நாட்களில்தான்.

பழைய வீடுகளில் குளியலறை என்பது பின்கட்டில், கிணற்றடியில், ஒரு தட்டி மறைப்பு. வெந்நீர் அடுப்பில் தவலை கொதிக்கும். மின்சாரம் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பாட்டு உண்டு, பாடுபவரின் குரலைத் தவிர வேறு அபாயம் கிடையாது. இப்போதைய குளியலறை படுக்கையறையை ஒட்டி, நான்கடிக்கு ஆறடியில், தரையிலிருந்து கூரை வரை டைல்ஸ் போட்டு, கீசரும் எக்ஸாஸ்ட் ஃபேனும் மாட்டி, கதவைச் சாத்தினால் காற்றும் புகாத ஒரு பெட்டியாகிவிட்டது. அதற்குள் தண்ணீர், நீராவி, வெறுங்கால் மனிதர், 230 வோல்ட் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் கூடுகின்றன. ஸ்பீக்கர் ஐந்தாவதாக வந்து சேர்ந்த விருந்தாளி.

ஸ்பீக்கரைக் குற்றம் சொல்வதற்கு இல்லை. அதன் தேவை சொற்பம்: 5 வோல்ட் நேர்மின்சாரம். உள்ளே உள்ள லித்தியம் அயான் செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழுக்க சார்ஜ் ஏறினால் 4.2. ஈரக் கையால் தொட்டாலும் உடம்பை அசைக்கிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. குளியலறை மின் அமைப்புக்கான சர்வதேசத் தரநிலை, குளியல் தொட்டிக்குள்ளேயேகூட, முறையாகப் பிரிக்கப்பட்ட மூலத்திலிருந்து வருவதாக இருந்தால் 30 வோல்ட் நேர்மின்சாரம் வரை அனுமதிக்கிறது. பேட்டரியில் ஓடும் ஸ்பீக்கர் வாளிக்குள் விழுந்தால் உயிர் போவது ஸ்பீக்கருக்குத்தான். வீட்டில் ஒரு சிறு வாக்குவாதம் நடக்கும். அது மின்சாரக் கணக்கில் வராது.

அந்த 5 வோல்ட் எங்கிருந்து இறங்கி வருகிறது என்பதுதான் கேள்வி. சுவரில் இருப்பது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். காய்ந்த தோல் பல ஆயிரம் ஓம் மின்தடை காட்டும். நனைந்து, சோப்பு பூசி, ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் உடம்புக்கு ஆயிரம் ஓம் என்று கணக்குப் போடுவது வழக்கம். 230-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த கம்பியை விட முடியாமல் தசை இறுகும். முப்பதுக்கு மேல் சில நொடிகள் நீடித்தால் மூச்சும் இதயத் துடிப்பும் தடுமாறும். 230 என்பது மிகப் பெரிய எண்.

இந்த இடத்தில் வீட்டுக்காரர் சுவரில் உள்ள எம்சிபி பெட்டியைக் காட்டி, “அதெல்லாம் டிரிப் ஆகிடும்” என்று சொல்வது மரபு. டிரிப் ஆகாது. 6 ஆம்பியர் எம்சிபி, 6 ஆம்பியரைத் தாண்டி மின்சாரம் ஓடினால்தான் கவலைப்படும். 230 மில்லி ஆம்பியர் அதில் இருபத்தாறில் ஒரு பங்கு. குளிப்பவர் துடித்துக்கொண்டிருப்பதை அது, எங்கோ ஒரு டேபிள் ஃபேன் ஓடுவதாகவே எடுத்துக்கொள்ளும். எம்சிபியின் வேலை சுவருக்குள் ஓடும் ஒயரைக் காப்பாற்றுவது. ஆளைக் காப்பாற்றுவதற்கு வேறு கருவி இருக்கிறது: ஆர்சிசிபி. ஃபேஸில் போகிற மின்சாரமும் நியூட்ரலில் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். 150-க்கு மேல் போனால் 0.04 நொடிக்குள். வெளியே போன மின்சாரம் வீடு திரும்பவில்லை என்றால் அது யார் உடம்பு வழியாகவோ ஊர் சுற்றுகிறது என்ற சந்தேகபுத்திதான் இந்தக் கருவியின் சிறப்பு.

ஆர்சிசிபி பல வீடுகளில் இருக்கிறது. அதன் வரலாறும் பெரும்பாலும் ஒன்றே. பழைய கீசரின் காயிலில் கசிவு இருக்கும், ஆர்சிசிபி விழும். எடுத்து விடுவார்கள், மறுபடி விழும். மூன்றாம் நாள் எலக்ட்ரீஷியன் வருவார். கசிகிற கீசர் நிரபராதி என்றும், கசிவைக் கண்டுபிடித்த ஆர்சிசிபிதான் கோளாறு என்றும் தீர்ப்பாகி, அதைத் தாண்டி ஒயரை நேரே கொடுத்துவிடுவார். “ஒண்ணும் ஆகாது சார், எங்க வீட்லயே இப்படித்தான் போட்டிருக்கேன்” என்பது அந்தச் சடங்கின் மந்திரம். அப்படி ஆகாமல் இன்னும் மாட்டியபடியே இருக்கும் வீடுகளில், அதன் மேல் உள்ள ‘டி’ என்ற சிறு பொத்தானை மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் விழுந்தால் நல்லது. விழவில்லை என்றால் அது சுவரில் மாட்டிய அலங்காரப் பொருள்.

அடுத்தது பிளக் பாயின்ட் எங்கே இருக்கலாம் என்பது. சர்வதேசத் தரநிலை குளியலறையை மண்டலங்களாகப் பிரிக்கிறது. தொட்டியின் உட்புறம் பூஜ்ய மண்டலம். தொட்டி இல்லாமல் ஷவர் மட்டும் இருந்தால், ஷவரிலிருந்து கிடைமட்டமாக 1.2 மீட்டர் தூரமும் தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரமும் ஒன்றாம் மண்டலம். அதற்குள் சாக்கெட்டுக்கு இடமில்லை. பிரிட்டனின் விதி இன்னும் கறார்: ஒன்றாம் மண்டலத்தின் எல்லையிலிருந்து மேலும் 2.5 மீட்டர் தள்ளித்தான் சாதாரண சாக்கெட் வைக்கலாம். 2022 வரை அது 3 மீட்டராக இருந்தது. நான்கடிக்கு ஆறடி என்றால் 1.2 மீட்டருக்கு 1.8 மீட்டர். இந்த அளவை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் விதியைத் திருத்தணியில் அமல்படுத்தினால், குளியலறை சாக்கெட்டுக்கு விதிப்படி கிடைக்கும் இடம் பக்கத்து வீட்டுச் சமையலறை.

கீசருக்கு மேலே உயரத்தில் ஒரு பாயின்ட் இருக்கிறதே, ஸ்பீக்கருக்கும் அதிலிருந்து எடுத்தால் என்ன என்று கேட்கலாம். கீசர் அசையாமல் மாட்டப்பட்டது, எர்த் கொடுக்கப்பட்டது, அதன் சுவிட்ச் வெளியே இருக்க வேண்டியது. ஸ்பீக்கர் சார்ஜரோ கையால் செருகப்படுவது. குளிப்பவருக்குப் பாட்டு பிடிக்காமல் போகும். ஈரக் கை மேலே நீளும். விதிகள் எல்லாம் இந்த ஒரு நொடிக்காகத்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் ஸ்பீக்கர் தனியாக இருப்பது அபூர்வம். பக்கத்துத் துளையில் வாட்டர் ஹீட்டர் ராடு செருகியிருக்கும். 1500 வாட் ராடு 6.5 ஆம்பியர் இழுக்கும். பாக்ஸின் அடியில் பொறித்திருப்பது பெரும்பாலும் 6 ஆம்பியர். ராடு வாளித் தண்ணீரையும் பாக்ஸையும் ஒருசேரச் சூடாக்கிக்கொண்டிருக்க, தண்ணீர் போதுமான அளவு சுட்டுவிட்டதா என்று சுவிட்சை அணைக்காமலே விரலை விட்டுப் பார்ப்பவர் வீட்டில் ஒருவராவது இருப்பார். அவர் இத்தனை காலம் பிழைத்திருப்பதற்கு எந்தப் பொறியியல் விளக்கமும் போதாது. தணிகை முருகனைத்தான் கேட்க வேண்டும்.

சார்ஜரின் தரம் தனி அத்தியாயம். 230-ஐ 5 ஆக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் இரண்டு கரைகள் இருக்கின்றன: உயர் அழுத்தக் கரை, தாழ் அழுத்தக் கரை. நடுவே ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மரும், சர்க்யூட் பலகையில் சில மில்லிமீட்டர் வெற்றிடமும். நல்ல சார்ஜரில் இந்த இடைவெளிக்கு விதி உண்டு. டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றுகளுக்கு இடையே போதிய காப்பு உண்டு. மலிவுச் சார்ஜரில் இடமும் காசும் மிச்சப்படுத்தப்பட்டிருக்கும். வறண்ட ஹாலில் பல காலம் ஓடக்கூடிய அதே சார்ஜர், பலகையில் ஈரம் படிந்ததும் இரண்டு கரைக்கும் நடுவே பாலம் கட்டிவிடும். அப்போது ஸ்பீக்கரின் ஒயரில் வருவதை 5 வோல்ட் என்று நம்புவது பக்தியில் சேரும்.

நல்ல சார்ஜரிலும், உலோக உடம்புள்ள கருவியை ஈரக் கையால் தடவினால் லேசாகச் சுருசுருவென்று இருக்கலாம். இரைச்சலை வடிகட்ட இரு கரைக்கும் நடுவே வைக்கப்படும் ஒரு கெபாசிட்டர் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் கசிவதால் வருவது அது. அளவு ஒரு மில்லி ஆம்பியருக்கும் வெகு கீழே. ஆபத்தில்லாத சுருசுருப்பு எது, ஆபத்தான சுருசுருப்பு எது என்று ஈர விரலால் பிரித்தறியும் ஆராய்ச்சியில் யாரும் இறங்க வேண்டியதில்லை.

இந்தியாவில் பவர் அடாப்டர்கள் கட்டாயப் பதிவு ஆணைக்கு உட்பட்டவை. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும், ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் பெட்டியின் மேல் இருக்க வேண்டும். அந்த எண்ணைப் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். சதுரத்துக்குள் சதுரம் என்ற குறி, இரட்டைக் காப்பு உள்ளது என்பதற்கு அடையாளம். திருவிழாக் கடைத்தெருவில் குங்குமம், பொரி, ஊதுகுழல், ரப்பர் பாம்பு இவற்றின் நடுவே தொங்கும் சார்ஜர்களிலும் இந்தக் குறிகள் எல்லாம் இருக்கும், சில சமயம் உண்மையான சார்ஜரில் இருப்பதைவிடப் பெரிய எழுத்தில். பதிவு எண்ணை மட்டும் செயலி அடையாளம் காணாது.

இவ்வளவையும் படித்த பிறகு குளியலறைக்குள் சார்ஜ் போடுவது எப்படி என்ற கேள்வியே தேவைதானா என்று பார்க்க வேண்டும். கணக்கு எளிது. சிறு ஸ்பீக்கரில் 2000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கும், 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 7.4 வாட்-மணி. நடுத்தர ஒலியில் எட்டு மணி நேரம் பாடும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குளியலுக்கு இருபது நிமிடம். எட்டு மணி நேரத்தில் இருபத்துநான்கு குளியல். நான்கு பேர் உள்ள வீட்டில் ஆறு நாள் வரும். தனியாக இருப்பவருக்கு இருபத்துநான்கு நாள். கிருத்திகைக்குக் கிருத்திகை இருபத்தேழு நாள். ஒலியைச் சற்றுக் குறைத்தால் மாதக் கிருத்திகை தோறும் ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும். நினைவு வைத்துக்கொள்ளவும் வசதி. ஆண்டுக்கு 365 முறை, படிக்கொன்று என்ற கணக்கில் சார்ஜ் போடுகிறவர் பேட்டரிக்கு நல்லது செய்வதாக நினைக்கிறார். லித்தியம் அயான் செல்லுக்கு 300 முதல் 500 முழுச் சுற்றுகளில் கொள்ளளவு எண்பது சதவீத அளவுக்கு இறங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் சுற்றும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கழியும் என்பது உண்மை. ஆனால் எப்போதும் நூறு சதவீதத்திலேயே வைத்திருப்பதும் அதற்கு ஆகாது.

ஒலியைக் குறைப்பதற்கு அந்த அறையே உதவுகிறது. டைல்ஸ் ஒலியை உறிஞ்சுவதே இல்லை என்னும்படி திருப்பி அனுப்பும். 1.8 மீட்டர் நீளச் சுவர்களுக்கு இடையே 95 ஹெர்ட்ஸ் அளவிலும், 1.2 மீட்டர் அகலத்தில் 143 ஹெர்ட்ஸ் அளவிலும் ஒலி நின்று ஒலிக்கும். ஆண் குரலின் அடிச் சுருதி ஏறக்குறைய இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. குளிக்கும்போது மட்டும் எல்லா ஆண்களுக்கும் தாங்கள் சீர்காழி கோவிந்தராஜன் என்று தோன்றுவதன் காரணம் இதுதான். ஸ்பீக்கருக்கும் இந்தச் சலுகை கிடைக்கிறது. பத்து டெசிபல் குறைத்தால் மின்திறன் தேவை பத்தில் ஒன்றாகிவிடும். அறையில் கேட்பதற்குக் குறைவிருக்காது. ஹாலில் உள்ளவர்களுக்கும் கொஞ்சம் நிம்மதி.

ஆகவே சார்ஜ் ஹாலில் ஏறட்டும், பாட்டு உள்ளே ஓடட்டும். ஒரு நிபந்தனை உண்டு. குளியல் முடிந்து நனைந்த ஸ்பீக்கரை நேரே சார்ஜில் செருகக் கூடாது. துளைக்குள் ஈரம் இருக்கும்போது 5 வோல்ட் கொடுத்தால் மின்னாற்பகுப்பு நடந்து, அந்தக் குட்டிப் பற்கள் பச்சை பூத்து அரித்துப் போகும். துணியால் துடைத்து, துளையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, காற்றில் சில மணி நேரம் விட்டுவிட வேண்டும். துளையை மூடும் ரப்பர் மூடியைப் பிய்த்து எறிந்துவிட்ட வீடுகளுக்கு இந்த அறிவுரை இன்னும் அவசரமானது.

பெட்டியின் மேல் ‘ஐபிஎக்ஸ்7’ என்று அச்சடித்திருந்தால் எதற்கும் அஞ்ச வேண்டாம் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அந்த எழுத்துக்கள் சொல்வது குறிப்பானது. முதல் எண் தூசிக்கு; அங்கே எக்ஸ் இருந்தால் தூசிச் சோதனையின் முடிவு எதுவும் சொல்லப்படவில்லை. இரண்டாம் எண் தண்ணீருக்கு. 4 என்றால் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீர். 5 என்றால் 6.3 மில்லிமீட்டர் குழாயில் நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் பீய்ச்சும் நீர். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம். ஒரு மீட்டர் ஆழம் எந்த வாளியிலும் கிடையாது; அதைச் சோதித்தே தீர வேண்டும் என்றால் ஸ்பீக்கரைச் சரவணப் பொய்கைக்குத்தான் எடுத்துச் செல்ல வேண்டும். மேலும், 7 வாங்கியதால் 5-இல் தானாகத் தேர்ச்சி என்று பொருளில்லை. மூழ்குவதில் முதல் மாணவன் பீய்ச்சுவதில் தோற்கலாம்.

முக்கியமான விஷயம், இந்த மூழ்கு சோதனை நல்ல தண்ணீரில், ஸ்பீக்கரின் வெப்பநிலையோடு 5 டிகிரிக்கு மேல் வேறுபடாத தண்ணீரில் நடப்பது. ஆவி பறக்கும் வெந்நீர், சோப்பு நுரை, சீயக்காய், தேய்த்துக் குளிக்கும் நல்லெண்ணெய் எதையும் ஆய்வுக்கூடம் பார்த்ததில்லை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு எந்த எண்ணும் இதுவரை வகுக்கப்படவில்லை.

தண்ணீரைவிட ஆவி சூழ்ச்சிக்காரன். முப்பது டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று ஒரு கன மீட்டருக்கு முப்பது கிராம் நீரைச் சுமக்கும். இருபத்திரண்டு டிகிரியில் பத்தொன்பது கிராம்தான். மார்கழிக் காலையில் வெந்நீர் போட்டுக் குளித்துவிட்டு வெளியே வந்தபின் அறை குளிரும்போது, ஐந்து கன மீட்டர் அறையில் ஐம்பது மில்லிக்கு மேல் தண்ணீர் எங்காவது படிந்தாக வேண்டும். கண்ணாடியில் படிவது கண்ணுக்குத் தெரியும். ஸ்பீக்கர் குளிரும்போது உள்ளே உள்ள காற்று சுருங்கி, இடுக்கு வழியாக வெளிக்காற்றை ஆவியோடு உறிஞ்சும். அது படிவது கண்ணுக்குத் தெரியாது. எனவே குளித்து முடித்தவர் தம்மோடு ஸ்பீக்கரையும் வெளியே கொண்டுவர வேண்டும். நிரந்தர வாசம் அதற்கு ஆகாது. எக்ஸாஸ்ட் ஃபேனைக் குளியல் முடிந்த பிறகும் கால்மணி நேரம் ஓட விடுவது ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் சேர்த்து நல்லது. கார்த்திகையில் மாலை போட்டு, விடியலுக்கு முன் பச்சைத் தண்ணீரில் குளிப்பவர்கள் வீட்டில்தான் ஸ்பீக்கர் நீண்ட ஆயுளோடு இருக்கிறது. விரதத்தின் பலன்களில் இதையும் ஒன்றாகச் சேர்க்கலாம்.

கோடையில் எதிர்ப்பக்கச் சிக்கல். வானிலை அறிக்கை வாசிப்பவர்களுக்குத் திருத்தணி நன்கு பழகிய பெயர். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே அல்ல. மாடித் தொட்டித் தண்ணீர் மத்தியானத்தில் கீசரைக் கேலி செய்யும். லித்தியம் அயான் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. வென்டிலேட்டர் திண்டில் நேர் வெயிலில் கிடக்கும் கறுப்பு ஸ்பீக்கரும், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உள்ள அலமாரியும் அந்த எண்ணைச் சுலபமாகத் தாண்டும். சார்ஜுக்கு அந்தப் பருவத்தில் இரவே உகந்தது.

உள்ளே வைக்கும் இடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ஷவருக்கு எதிர்ச் சுவர், தலைக்கு மேலான உயரம், விழுந்தால் கீழே வாளி இல்லாத திசை. கொக்கி ஈரத்திலும் பிடிக்கிற வகையாக இருக்க வேண்டும். ஒட்டும் கொக்கிகள் டைல்ஸில் கம்பீரமாக நின்று, குளியலின் உச்சகட்டத்தில் விழும். போன் வெளியே இருக்கட்டும். புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுவது. அந்த அலையைத் தண்ணீர் விழுங்கும். குளிப்பவரின் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதால், போனுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அவர் நின்றால் சரணத்தில் பாட்டு விட்டு விட்டு வரும். அவரை நகரச் சொல்வதுதான் பரிகாரம்.

லாட்ஜில் தங்குபவர்களுக்கு வேறு சோதனை. பல ஸ்பீக்கர்கள் யார் கூப்பிட்டாலும் இணைந்துவிடும் பெருந்தன்மை உடையவை; பத்து மீட்டர் வரை அவற்றின் காது எட்டும்; நாலரை அங்குலச் சுவர் ஒரு பொருட்டல்ல. திருப்பதிக்குப் போய்விட்டுத் திருத்தணிக்கு வருபவர்களும், இங்கிருந்து திருப்பதிக்குக் கிளம்புபவர்களும் ஒரே மாடியில் தங்குவார்கள். விடியற்காலை ஒரு அறையில் கந்தர் சஷ்டிக் கவசம் தொடங்கும். ஸ்பீக்கருக்குள் இருக்கும் அம்மணி திடீரென்று ஆங்கிலத்தில் ‘கனெக்டட்’ என்று அறிவிப்பார். அடுத்த நொடி வேங்கடேச சுப்ரபாதம். 1960 ஏப்ரல் 1 வரை இந்த ஊர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முதலானவர்கள் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நிலத்துக்கு எல்லை கண்டாகிவிட்டது. லாட்ஜ் சுவருக்கு இன்னும் இல்லை. மின்சார நோக்கில் இதில் ஆபத்து ஒன்றே: பாட்டு மாறிவிட்டதே என்று சோப்புக் கையோடு பாய்வது. தரை வழுக்கும். குளியலறையில் விழுந்து அடிபடுவதற்கு மின்சாரம் தேவையே இல்லை.

பவர் பேங்க் பயன்படுத்துபவர்களுக்கு: அதன் 5 வோல்ட்டால் ஆளுக்கு அதிர்ச்சி இல்லை, சுவரோடு தொடர்பில்லாதவரை. ஆனால் ஸ்பீக்கருக்கு இருக்கும் நீர்க்காப்பு பவர் பேங்குக்குப் பெரும்பாலும் கிடையாது. 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்பது 37 வாட்-மணி. ஸ்பீக்கரின் பேட்டரியைப் போல ஐந்து மடங்கு. நனைந்து ஷார்ட் ஆனால் சூடும் அந்த அளவுக்கு இருக்கும். இன்னொரு வேடிக்கை, ஸ்பீக்கர் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைந்துவிட்டால், இங்கே யாரும் இல்லை என்று முடிவு செய்து பல பவர் பேங்குகள் தாமே அணைந்துவிடும். பராமரிப்புக்காகக் காலை முதல் மின்சாரம் நிறுத்தப்படும் நாட்களில் ஹாலில் வைத்து ஸ்பீக்கருக்கு ஊட்டம் கொடுக்க அது உதவும். அன்று மோட்டார் ஓடாது, தொட்டியில் தண்ணீர் இருக்காது; பாட்டு மட்டும் இருக்கும்.

ஒயரோடு இணைந்த ஸ்பீக்கரோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸோ தண்ணீரில் விழுந்துவிட்டால், அதை எடுக்கக் கூடாது. தண்ணீரையும் தொடக் கூடாது. வெளியே போய் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். துண்டு கட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்பது அவரவர் வீட்டுச் சூழலைப் பொறுத்தது. உள்ளே யாராவது மின்சாரம் தாக்கிப் பிடியில் இருந்தால், மெயினை இறக்கும்வரை அவரைத் தொடாமல் இருப்பதே அவருக்குச் செய்யும் முதல் உதவி. பேட்டரியில் ஓடிய ஸ்பீக்கர் மட்டும் விழுந்திருந்தால் எடுத்து, அணைத்து, துடைத்து, காற்றோட்டமான இடத்தில் ஓரிரு நாள் வைக்கலாம். அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் தனிப் பலன் இல்லை. அரிசித் தூசி துளைக்குள் போகும், அந்த அரிசியைச் சமைக்கலாமா என்று புது விவாதம் கிளம்பும்.

நனைந்து காய்ந்த ஸ்பீக்கர் சில வாரங்களில் உப்புவதுண்டு. பின் மூடி விலகும், மேசையில் வைத்தால் ஆடும். உள்ளே செல்லில் வாயு சேர்ந்திருக்கிறது என்று பொருள். அதை அழுத்தி மூடக் கூடாது, குத்தக் கூடாது, சார்ஜ் போடக் கூடாது, காலையில் வரும் குப்பை வண்டியில் போடக் கூடாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெற வேண்டியவர் தயாரிப்பாளர். பெயரில்லாத பெட்டியில் வாங்கிய ஸ்பீக்கருக்குத் தயாரிப்பாளரைத் தேடிக் கிளம்புவது நீண்ட பயணம்; அதற்குப் பதில் மின்கழிவு வாங்கும் அங்கீகாரம் பெற்றவரிடம் கொடுக்கலாம். கொடுக்கும்வரை மணல் போட்ட தகர டப்பாவில், வெயில் படாத, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, மேலே பெரிதாக எழுதி ஒட்டிவிட வேண்டும். ஒட்டாவிட்டால் பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது யாராவது அதை எடுத்துப் பார்த்து, “நல்லாத்தானே இருக்கு” என்று சொல்லி சார்ஜில் போட்டுவிடுவார்கள்.